வலிமாற்று வெள்ளிவிழா

"போன்லயே சொன்னேனே மைனி, வரலைன்னு. நீங்க எதுக்கு இம்புட்டு தூரம் வந்தீங்க?"

செண்பகவல்லி கதவைப் பாதிதான் திறந்தாள். மீதிப் பாதியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"வராம என்ன செய்ய? கார் அனுப்பினா திருப்பி அனுப்புத. உங்கண்ணன் பேசினா போனை வைக்குத. மந்திரி வாராரு, டிவிக்காரங்க வாராங்க. வெள்ளிவிழா. உன்னை விட்டுட்டு நாங்க மட்டும் மேடையில உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள் சுபாஷிணி.

"நல்லாத்தான் இருக்கும். இத்தனை வருஷமா நல்லாத்தானே இருந்துச்சு."

சுபாஷிணிக்குச் சுருக்கென்றது. கழுகுமலைத் தெருவில் வெயில் அதற்குள் ஏறியிருந்தது. கோவில்பட்டிக்குத் திரும்பிப் போய்ப் பட்டுப்புடவை மாற்ற வேண்டும், மகளுக்குப் பூ வைத்துவிட வேண்டும். நாத்தனார் வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசுகிறாள்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு இதே தேதியில், கோவில்பட்டி இளவேனில் மகப்பேறு மனையில், சுபாஷிணி ஒரு பெண் குழந்தையைப் பெற்றாள். கொஞ்சமும் வலிக்காமல் பெற்றாள். வலியை மருந்தால் அடக்கினால் பிரசவமும் சேர்ந்து அடங்கிப்போன காலம் அது. ஆகவே டாக்டர் எஸ்தர் ஞானமணி வலியை அடக்கவில்லை, இடம் மாற்றினார். சுபாஷிணியின் இடுப்பில் ஒரு பட்டை, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் இடுப்பில் ஒரு பட்டை, நடுவில் மெல்லிய ஒயர். இந்த உடம்பில் புறப்பட்ட வலி அந்த உடம்பில் போய் இறங்கியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் செண்பகவல்லி. பிரசவம் என்ற பேச்சை எடுத்தாலே அழுத அண்ணன் மனைவியைப் பார்த்து, "அழாதீங்க மைனி, நான் வாங்கிக்கிடுதேன்" என்று சொன்னவள்.

உலகத்திலேயே முதல் வலிமாற்றுப் பிரசவம் என்று அதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். இந்தத் தேதிக்கு அரசாங்க விடுமுறைகூட விடப்போவதாகப் பேச்சு.

"உனக்கும் எங்க வீட்டு விசேஷத்துக்கும் அப்படி என்னதான் ஆகாது? நித்திலா பிறந்தநாள்னாலே உனக்குக் கால் சுளுக்கும், இல்லைன்னா ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன் வரும். உங்கண்ணன் அதைச் சொல்லித்தான் சிரிப்பாரு. உனக்குன்னு ஒண்ணு இல்லைங்கிற வருத்தம், அதான் வர மாட்டேங்கான்னு நானே மனசுக்குள்ள…"

கதவு விளிம்பைப் பிடித்திருந்த செண்பகவல்லியின் விரல்கள் வெளுத்தன. கண்ணை மூடி, மூச்சை வாயால் ஊதி ஊதி விட்டாள். நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாகப் பூத்தது.

அந்த முகத்தைச் சுபாஷிணி ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பிரசவக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, நர்ஸிடம் தாளித்த மோர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது, திரை விலகிய இடத்தில் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிடச் சொன்னாள்.

"செண்பகம், என்னட்டி இது?"

"போயிரும். பேசாம இருங்க. இப்ப போயிரும்."

வலி போனதும், சுவரைப் பிடித்தபடி நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சுபாஷிணியும் உள்ளே போய் நின்றாள்.

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம். காலையில ஆரம்பிக்கும், அவ பிறந்த நேரத்துல நிக்கும்."

"எப்பயிருந்து?"

"முதல் வருஷத்துல இருந்தே. நீங்க கூடத்துல கேக் வெட்டுதீங்க, நான் பாத்ரூம்ல கிடந்தேன். சட்டுனு வா, போட்டோ எடுக்கணும்னு நீங்கதான் கதவைத் தட்டுனீங்க. மறந்திருப்பீங்க."

மறந்துதான் போயிருந்தது. "ஏன் சொல்லலை?" என்றாள் சுபாஷிணி.

"யார்கிட்ட சொல்ல? அடுத்த வருஷம் அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். உங்க பேஷண்ட் நம்பர் என்னன்னு கேட்டாங்க. எனக்கு ஏது நம்பர்? நம்பர் உங்களுக்கு, பாப்பாவுக்கு. நான் கூட வந்த சொந்தக்காரி. எனக்கு அன்னிக்குப் பார்வையாளர் சீட்டுல்ல குடுத்தாங்க. வாயுவா இருக்கும்னு மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க."

"உடம்புக்குத் தேதி எப்படித் தெரியும்?"

"எனக்கென்ன தெரியும், நான் பூகோளம் நடத்துதவ. சித்திரை வெயிலும் வேப்பம்பூ வாடையும் வந்தா அது கண்டுபிடிச்சிருது போல." லேசாகச் சிரித்தாள். "நானா யோசிச்சு ஒண்ணு வச்சிருக்கேன், கேளுங்க. பெத்தவளுக்குப் பிள்ளை கையில வந்ததும் உடம்பு வலியை விட்டுரும். முடிஞ்சு போச்சுன்னு அதுக்குத் தெரியும். எனக்கு என்ன வந்துச்சு கையில? ஒயரைக் கழட்டிட்டு காப்பி குடுத்தாங்க. முடிஞ்சுதுன்னு இந்த உடம்புக்கு யாரும் சொல்லலை. அது இன்னும் பெத்துக்கிட்டே இருக்கு."

சுபாஷிணி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பொண்ணு பார்க்க வந்த ஒரு வீட்டார், 'பெறாமலே வலி பட்ட பெண்ணாமே, அது என்ன கணக்கு' என்று கேட்டுவிட்டுப் போனது நினைவு வந்தது. அன்று வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அவர்களைத்தான் திட்டினார்கள்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மைனி. நீங்க மேடையில உக்காருங்க, மாலை போட்டுக்கிடுங்க. நித்திலா பிரசவத்துக்கு வலி வாங்க ஒரு பொண்ணைப் பேசி வளையல் போட்டிருக்கீங்களாமே. அதை மட்டும் நிறுத்திருங்க."

"நிறுத்துதேன்."

"சும்மா சொல்லாதீங்க."

"என் பிள்ளை மேல சத்தியமா."

"பிள்ளையை எதுக்கு இழுக்கீங்க? நிறுத்துதேன்னு சொன்னா போதும்." அடுத்த வலி வந்துகொண்டிருந்தது. "கிளம்புங்க. யாரும் பக்கத்துல இருந்தா எனக்குக் கத்த வராது."

*

விழா மண்டபத்தின் பின்னறையில் டாக்டர் எஸ்தர் ஞானமணி சக்கர நாற்காலியில் இருந்தார். யாரோ அதற்குள் ரோஜா மாலை போட்டுவிட்டார்கள். சுபாஷிணி கழுகுமலையில் பார்த்ததைச் சொல்லி முடித்தாள்.

"எத்தனை பேருக்கு டாக்டர் இப்படி வருது?"

"தெரியாதும்மா. தாயை அஞ்சு வருஷம் விடாம பார்த்தோம். பிள்ளையைப் பத்து வருஷம் பார்த்தோம். வலி வாங்கினவங்களை…"

"பாக்கலை."

"அவங்க நோயாளி கிடையாதே. சொந்தக்காரங்கதான் வலி வாங்கலாம்னு சட்டம் போட்டாங்க. நல்லதுக்குத்தான் போட்டாங்க, யாரும் இதை வியாபாரமா ஆக்கிரக் கூடாதுன்னு. சொந்தக்காரங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் எழுதுவாங்க?"

அந்தச் சட்டத்தை ஊர் எப்படிச் சமாளித்தது என்பது எல்லாருக்கும் தெரியும். வலியை வாங்கிக்கொள்ள நாத்தனார்கள் முன்வரவில்லை என்றானதும், தீப்பெட்டி ஆபீஸிலிருந்தும் செங்கல் சூளையிலிருந்தும் பெண்களைப் பேசி அழைத்துவந்தார்கள். முதலில் வாங்கியவள் பிள்ளைக்கு அத்தை. ஆகவே வந்தவளையும் வளைகாப்பன்று கர்ப்பிணியின் பக்கத்தில் உட்காரவைத்து, கைநிறையக் கண்ணாடி வளையல் போட்டு, பிறக்கப்போகிற பிள்ளையின் முறையில் வீட்டில் எல்லாரும் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சபையறிய அத்தை என்றானபின் சட்டத்துக்கும் அவள் சொந்தக்காரிதான். சடங்கு அத்தனை நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. சம்பந்தி வீட்டில் முதல் கேள்வியே, "அத்தை பாத்தாச்சா?" என்பதுதான்.

"உங்க காதுக்கு ஒண்ணும் வரலையா டாக்டர்?"

எஸ்தர் மாலையின் ஒரு ரோஜாவைப் பிய்த்து விரலில் உருட்டினார்.

"வந்துச்சு. அப்பப்ப ஒண்ணு ரெண்டு பேர் வருவாங்க. வாயுன்னு நினைச்சேன். வாயுவா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"இன்னிக்கு மேடையில சொல்லிருங்க டாக்டர். நீங்க சொன்னா நாடே கேக்கும்."

"உங்க கையிலயும் மைக் கொடுப்பாங்க சுபாஷிணி. நீங்க சொல்லுங்களேன். நான் மறுக்க மாட்டேன்."

கொடுத்தார்கள். சுபாஷிணி மைக்கைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். முன்வரிசையில் நித்திலா எட்டு மாத வயிற்றோடு, அவள் பக்கத்தில் வளையல் போட்ட அந்தப் பெண். விழாக் குழுவினர் கொடுத்த விசிறியால் நித்திலாவுக்கு வீசிக்கொண்டே, தன் தட்டிலிருந்த ஜாங்கிரியை அவளுக்குப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் குழந்தைக்கே இப்போது குழந்தை பிறக்கப்போகிறது என்று அறிவிப்பாளர் சொன்னதும் மண்டபம் கைதட்டியது. அந்தப் பெண்ணும் கைதட்டினாள்.

சுபாஷிணி டாக்டருக்கு நன்றி சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு நன்றி சொன்னாள். தன் நாத்தனார் உடல்நலமில்லாததால் வர இயலவில்லை என்றாள். நல்ல நாளும் அதுவுமாக, இத்தனை பேருக்கு முன்னால் வைத்தா சொல்வது, வீட்டில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

*

வீட்டில் சொன்னாள். நித்திலா மாலையில் குளித்துவிட்டுத் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட்டதும் துண்டைக் கீழே வைத்தாள்.

"இன்னிக்குமா? நான் அங்க ஜாங்கிரி தின்னுக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமா."

கீழே வைத்த துண்டை எடுத்து நான்காக மடித்தாள். பிறகு, "அப்ப நானே பெத்துக்கிடுதேன்மா" என்றாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. என் கூடப் படிச்சவ ஒருத்தியும் அப்படிப் பெத்ததில்லை." வயிற்றைத் தடவிக்கொண்டாள். "வலி எப்படிம்மா இருக்கும்?"

சுபாஷிணி மகளின் ஈரத் தலையைக் கோதினாள்.

"எனக்குத் தெரியாதும்மா."

"நீதானே என்னைப் பெத்த?"

"பெத்தேன். அது தெரியாது."

செண்பகவல்லிக்குப் போன் போட்டார்கள். குரல் களைத்திருந்தாலும் தெளிவாக இருந்தது. நித்திலா அழுதாள். "இந்தா, இதுக்கா போன் போட்ட?" என்று அத்தை அதட்டினாள். பிறகு சொன்னாள்: "அலை மாதிரி வரும் நித்தி. வரும்போது செத்தே போயிருவோம்னு இருக்கும். ஆனா போகும். போகும்கிறதை மட்டும் மறந்துராத. வலி எடுத்ததும் எனக்குச் சொல்லு, நான் வந்து பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொல்லித் தாரேன். ஒரு பிள்ளை பெறாதவ உனக்குப் பிரசவம் பாக்கப் போறேன், பாரு." இருவரும் சிரித்தார்கள். சுபாஷிணிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பைச் சுபாஷிணி ஏற்றுக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று போயிற்று. அவள் தினமும் வருவாள், நித்திலாவுக்குக் கால் பிடித்துவிடுவாள். "அத்தை, ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்பார்கள். நித்திலா கேட்டபோது சுபாஷிணி சொன்னாள்: "அவ பாட்டுக்கு இருக்கட்டும்மா. அன்னிக்கு வந்து சும்மா உக்காந்திருக்கட்டும். ஒரு பாதுகாப்புக்குத்தான்."

*

குறித்த நாளுக்கு முன்னாலேயே, ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வலி எடுத்துவிட்டது. செண்பகவல்லி திருநெல்வேலியில் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் இருந்தாள். "கிளம்பிட்டேன் மைனி, பஸ் ஏறிட்டேன். அவ கையைப் பிடிச்சுக்கிடுங்க. போகும், போகும்னு சொல்லிக்கிட்டே இருங்க" என்றாள் போனில்.

சுபாஷிணி பிடித்துக்கொண்டாள். சொல்லவும் சொன்னாள். தனக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறோம் என்பது குரலில் தெரிந்தது.

நித்திலா போட்ட சத்தத்தில் மாடி முழுவதும் அமைதியாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறவள் கத்தி யாரும் கேட்டதில்லை. வலி வாங்கிக் கத்துகிறவர்களுக்குத் தனியறை, கதவில் பஞ்சு வைத்துத் தைத்திருக்கும். இளம் நர்ஸ் ஒருத்தி சுபாஷிணியை வெளியே கூப்பிட்டாள்.

"மேடம், இவ்வளவு சத்தம் வருமா?"

"நீ நர்ஸ்தானேம்மா? உனக்குத் தெரியாதா?"

"எங்க பேட்ச்ல யாருமே பார்த்ததில்லை மேடம்."

டியூட்டி டாக்டரும் இளவயதுக்காரி. மானிட்டரைப் பார்த்தாள், நித்திலாவைப் பார்த்தாள், மறுபடி மானிட்டரைப் பார்த்தாள். "எல்லாம் சரியாத்தான் போகுதும்மா. பாடத்துல இருக்கிற மாதிரிதான் போகுது. ஆனா முகத்தைப் பார்த்தா சரியா இருக்கிற மாதிரி இல்லை. எனக்குச் சொல்லத் தெரியலை" என்றாள்.

பக்கத்துக் கட்டிலில் அந்தப் பெண் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் இருக்கேனேம்மா. எதுக்கு அந்தப் பிள்ளையைப் போட்டு வதைக்கீங்க? ஒயரை மாட்டச் சொல்லுங்க, அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுபாஷிணிக்கு அந்த வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. 'உனக்கு இது இன்னிக்கோட போகாது' என்று நான்கு வார்த்தை. சொன்னால் இவள் எழுந்து போய்விடக்கூடும். போய்விட்டால் பக்கத்துக் கட்டில் காலி.

"அம்மா, செண்பகம் அத்தை வந்தாச்சா?" என்றாள் நித்திலா. உதடு கடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"வந்துக்கிட்டே இருக்காம்மா. கயத்தாறு தாண்டியாச்சாம்."

"போகும்னாங்களே. போக மாட்டேங்குதேம்மா."

"மாட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அடுத்த அலை வந்தது. அதில் அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் புரியவில்லை. சுபாஷிணியின் கையைத்தான் முறித்துவிடுவதுபோல் பிடித்தாள். அந்த வலியே சுபாஷிணிக்குப் பெரிதாக இருந்தது.

"மாட்டும்மா" என்றாள் நர்ஸிடம்.

"அவங்க வேண்டாம்னு சொன்னாங்களே மேடம்?"

"ஏழாம் மாசமே அவ சம்மதம்னு கையெழுத்துப் போட்டாச்சு. மாட்டு."

நர்ஸ் காத்திருந்தவளைப்போல ஓடிப்போய் ஒயரை எடுத்தாள். சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். நித்திலாவின் முகம் தளர்ந்தது, விரல்கள் விட்டுக்கொடுத்தன. கண்ணைத் திறந்து அம்மாவை ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த கட்டிலிலிருந்து சத்தம் எழுந்தது. விதிப்படி அந்தக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் பஞ்சு வைத்த கதவுக்குப் பின்னால் விட்டார்கள். ஒயர் மட்டும் கதவுக்கு அடியில் நீண்டு கிடந்தது.

*

செண்பகவல்லி படியேறி வந்தபோது பேரன் பிறந்து துணியில் சுற்றப்பட்டு, நடைபாதை பெஞ்சில் சுபாஷிணியின் மடியில் இருந்தான். மாப்பிள்ளை ஸ்வீட் வாங்கப் போயிருந்தார்.

"பஸ்ஸை உருட்டிக்கிட்டு வந்தான் பாவி" என்று மூச்சு வாங்கினாள் செண்பகவல்லி. "தானே பெத்துட்டாளா மைனி?"

"ஆமா" என்றாள் சுபாஷிணி.

செண்பகவல்லி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நித்திலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டும் திரும்பவில்லை. அருகில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை.

"தலையில போட்ட பின்னல்கூடக் கலையலையே மைனி."

சுபாஷிணி குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். சரியாக இருந்த துணியைத்தான் சரிசெய்தாள்.

"நீ பாக்கலை செண்பகம். அவ பட்ட பாட்டை நீ இருந்து பாக்கலை. எந்தத் தாயும்…"

"நான் உங்களை ஒண்ணும் கேக்கலையே." கோபம் இல்லாத குரல்தான். அதுதான் சுபாஷிணிக்குத் தாங்கவில்லை. "அந்தப் பொண்ணு எங்க?"

"அந்தா, கடைசி ரூம்ல."

"அடுத்த வருஷம் இந்த நாளைக்கு அவகூட யாராவது இருக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போனா இவங்க வாயுன்னுதான் சொல்லுவாங்க. நான் போய்ச் சொல்லிட்டு வாரேன், விலாசம் வாங்கிட்டு வாரேன். அவ பேர் என்ன?"

சுபாஷிணி யோசித்தாள். வளைகாப்பில் அவள் கையைப் பிடித்து வளையல் ஏற்றியது நினைவு வந்தது. அவள் தட்டில் குழம்பு ஊற்றியது நினைவு வந்தது. அத்தை, இங்க உக்காரு. அத்தை, விசிறியை எடு. அத்தை, நாளைக்குச் சீக்கிரம் வா. இத்தனை வாரங்களில் வீட்டில் ஒருவர்கூட வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"தெரியலை" என்றாள்.

செண்பகவல்லி பேரனைக் கையில் வாங்கவில்லை. நடைபாதையின் கடைசிவரை நடந்து போய், பஞ்சு வைத்த கதவைத் தள்ளித் திறந்தாள்.

"உன் பேரு என்னம்மா?" என்று அவள் கேட்டது பெஞ்சுவரை கேட்டது.

உள்ளேயிருந்து பதிலும் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிய குரல். என்ன பெயர் என்று காதில் விழவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எழுந்து அங்கே போக வேண்டும். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. எழுந்தால் அது விழித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுபாஷிணி உட்கார்ந்தே இருந்தாள்.